அண்டை வீட்டாரின் சாட்சியம்: ஒரு திகில் ஆட்டமும் ஒடியனும் பழையனூர் நீலியும்

மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசியும் முடிவெடுத்தும் பகடை உருட்டியும் ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டங்களுக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் வெளிவந்தது. திகிலுக்கென்றே அமைந்து இன்றுவரை நிலைத்திருக்கும் 'கால் ஆஃப் கத்துலு' 1981இல் வந்தது. ஆக்கியவர் சாண்டி பீட்டர்சன், வெளியிட்டது கேயாசியம் நிறுவனம். இவ்வாட்டங்களில் ஒரு மாலைப்பொழுதில் ஆடி முடிக்கத்தக்க கதைத்திட்டத்தைச் சினாரியோ என்பர். 'ஆட்டக்கதை' என்று தமிழாக்கலாம். ஆனால் கேரளத்தில் அச்சொல் கதகளிப் பனுவலைக் குறித்துவிடும் என்பதால் சினாரியோ என்றே எழுதுகிறேன்.

புதியவர்களுக்காக எழுதப்படும் குறுந்திகில் சினாரியோவை வரலாற்று மாணவர்களும் மொழியியல் மாணவர்களும் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்கலாம். விதிகளை அறியாத ஒருவருக்கு மூன்று மணி நேரத்தில் அச்சத்தை ஊட்டவேண்டுமானால், எதற்கு அஞ்சவேண்டும் என்பதை அவர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். விளக்கிச் சொல்ல நேரமில்லை. ஆகவே, எழுதுபவர் தம் சமூகத்தில் ஏற்கெனவே புழங்கும் அச்சத்தைத்தான் கடனாகப் பெறுகிறார். நெடுங்கதையில் மறைத்துவிடக்கூடிய அந்தக் கடன் குறுங்கதையில் வெளிப்படையாகத் தெரிகிறது.

இவ்வகையில் உலகெங்கும் மிகுதியாக ஆடப்பட்டவற்றுள் ஒன்று 'தி ஹாண்டிங்'. 1981ஆம் ஆண்டுப் பெட்டியிலேயே வேறு தலைப்பில் இடம்பெற்று, பின்னர் இப்பெயருடன் தொடக்கநிலையினருக்கான இலவச நூலிலும் சேர்க்கப்பட்டது. (அதனை ஆடிப்பார்க்க விரும்புவோர் அடுத்த இரு பத்திகளைத் தாண்டிச் செல்லுங்கள், கதை வெளிப்பட்டுவிடும்.)

1920ஆம் ஆண்டு, பாஸ்டன் நகரம். வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருந்தோர் சித்தம் கலங்கி வெளியேறியதால், வேறு எவரும் அங்குக் குடியேற மறுக்கின்றனர். வீட்டில் என்ன கோளாறு என்று கண்டறிந்து சீர்செய்து தருமாறு வீட்டு உரிமையாளர் ஆட்டக்காரர்களை அமர்த்துகிறார். அஃதாவது, கதை ஒரு வாடகைச் சிக்கலில் தொடங்குகிறது. அடுத்து வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஆட்டக்காரர்கள் நேராக அவ்வீட்டுக்குச் செல்வதற்கு முன் நாளிதழ் அலுவலகம், நூலகம், பதிவேடுகள் உள்ள அலுவலகம் எனச் சென்று தாள்களைப் புரட்டுகின்றனர். இவ்விடங்களில் கிடைக்கும் குறிப்புகளை நடத்துநர் அச்சிட்ட துண்டுத்தாள்களாகக் கையில் கொடுப்பார். ஆய்வாளர்க்குப் பழகிய வேலைதான். ஆவணக் காப்பகத்தில் தூசு தட்டியவரே இரவில் உயிரோடு மீள்வார் என்னும் பாடத்தை இவ்வளவு சுவையாகச் சொல்லித்தரும் முறையியல் வகுப்பு எதிலும் நான் அமர்ந்ததில்லை.

அத்துண்டுத்தாள்களுள் ஒன்றுதான் இப்பதிவுக்குக் காரணம். வீட்டின் பழைய உரிமையாளன் வால்டர் கார்பிட். 1852இல் அவனுடைய வினோத நடத்தையைக் காரணம் காட்டி, அவனை அங்கிருந்து அகற்றவேண்டும் என்று அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 1866இல் அவன் இறந்தபோது, தன் உடலை வீட்டின் நிலவறையிலேயே புதைக்கவேண்டும் என்று அவன் எழுதிவைத்திருந்ததைத் தடுக்க இரண்டாவது வழக்கு வந்தது. ஆட்டம் முடிவதற்குள் அண்டை வீட்டாரின் ஐயம் முற்றிலும் மெய்யாகிறது. நிலவறையில் அவன் சாகாமல் கிடக்கிறான். கத்தி தானாகப் பறக்கிறது. கட்டில் மனிதரைச் சன்னல்வழியே வீசியெறிகிறது. கண்டவர்கள் நூறுவரை எண் தரும் பகடையை உருட்டித் தம் சித்தத் தெளிவில் எத்தனை புள்ளி இழந்தனர் எனக் கணக்கிடுகின்றனர்.

கவனிக்கவேண்டியது இது: ஆட்டத்தில் துண்டுத்தாள் பொய் சொல்வதில்லை. ஊரார் ஒருவனைப் பேயென ஐயுற்றால் அவன் பேய்தான். வழக்குரையை எழுதியவர் யார், கார்பிட்டின் மறுமொழி எங்கே என்று எந்த ஆட்டக்காரரும் கேட்பதில்லை. கேட்டால் கதை நகராது. பாஸ்டனைப் பொறுத்தவரை இதனால் பெருந்தீங்கு இல்லை. கார்பிட் வீடும் பணமும் உடைய வெள்ளையன். முதல் வழக்குக்குப் பின்னும் அதே வீட்டில் வாழ்ந்து, அதே வீட்டில் இறந்தவன். இதே அமைப்பை மலபாருக்குக் கொண்டுவரும்போதுதான் நெருக்கடி தொடங்குகிறது.

பாலக்காட்டில் திகில் சினாரியோ எழுத முனையும் எவருக்கும் முதலில் தோன்றுவது ஒடியனாகவே இருக்கும். பாலக்காடு, வள்ளுவநாடு பகுதிகளில் இரவு வழிகளில் காளையாகவும் நாயாகவும் பூனையாகவும் உருமாறி நின்று, குறித்த ஆளை வீழ்த்துபவன் ஒடியன். பெயர்சொல்லிக் குச்சியை ஒடித்தால் அப்பெயருடையவன் வீழ்வான் என்பதால் இப்பெயர் வந்தது என்பது மக்கள் தரும் விளக்கம். தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான அவ்வினை இவ்விளக்கத்துக்கு எளிதாக இடம்கொடுக்கிறது. உருமாற்றம் பெரும்பாலும் முழுமையடையாது. காளைக்கு வால் இராது, அல்லது வேறோர் உறுப்பு குறைந்திருக்கும். கூர்ந்து நோக்குபவன் அதனைக்கொண்டு ஒடியனை அடையாளம் காணலாம். ஆட்ட எழுத்தாளருக்கு இதைவிடச் சிறந்த துப்பு வேறென்ன வேண்டும்? 2018 டிசம்பரில் மோகன்லால் நடித்து 'ஒடியன்' என்ற பெயரிலேயே திரைப்படமும் வந்தது.

துண்டுத்தாள்களுக்கும் பஞ்சமில்லை. எட்கர் தர்ஸ்டன் கே. ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளான 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்', பாலக்காட்டிலேயே பிறந்த எல். கே. அனந்தகிருஷ்ண ஐயரின் கொச்சிக் குலங்கள் பற்றிய நூல், தர்ஸ்டன் 1912இல் எழுதிய சகுனங்கள், மூடநம்பிக்கைகள் பற்றிய நூல் ஆகியவை ஒடிவித்தையைப் பதிவுசெய்கின்றன. கருவிலுள்ள சிசுவிலிருந்து வடிக்கப்படுவதாகச் சொல்லப்பட்ட தைலம், அதைப் பூசி உருமாறும் முறை ஆகியவை அங்கே மருத்துவக் குறிப்பின் நிதானத்தோடு எழுதப்பட்டுள்ளன. இவ்வித்தை உடையவர்களாக முதன்மையாகக் குறிக்கப்படுவோர் பறையர்.

இங்குதான் ஆவணத்தை எழுதியவர் யார் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. மலபாரின் பறையரும் செறுமரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட மக்கள். இந்தியாவில் அடிமைமுறைக்கான சட்ட ஏற்பை நீக்கிய 1843ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் அவர்களது அன்றாடத்தில் மாற்றம் மெதுவாகவே வந்தது. எவ்வளவு தொலைவில் நிற்கவேண்டும் என்பது சாதிக்குச் சாதி வரையறுக்கப்பட்டிருந்த நாடு அது. தெருவில் நடப்பதே வழக்காகிய காலம் நெடுநாள் நீடித்தது. 1924இல், வைக்கம் போராட்டம் நடந்த அதே ஆண்டில், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத் தெருக்களில் ஈழவர் நடக்கலாமா என்பதில் பூசல் மூண்டது. ஈழவருக்கே இந்நிலை என்றால் அவரினும் கீழாக வைக்கப்பட்டோரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

பகலில் வழி மறுக்கப்பட்டவன் இரவில்தான் நடக்கமுடியும். இரவில் நடப்பவனைக் கண்டால் பகலில் வழியை உடைமையாக வைத்திருப்பவனுக்கு அச்சம் வரும். ஒடியன் எப்போதும் வழியிலேயே எதிர்ப்படுவது ஏன் என்பதற்கு நான் காணும் விடை இது. இது என் கருத்தே, மறுப்போர் மறுக்கலாம். ஒடியச்சம் ஒடுக்கப்பட்டோருக்குச் சிறிது காவலாகவும் இருந்தது என்னும் வாதமும் உண்டு. தொடவும் அடிக்கவும் கை ஓங்குபவன் ஒரு கணம் தயங்கினால், அத்தயக்கமும் ஒரு பயனே. ஆயினும் அக்காவலுக்குக் கொடுத்த விலை பெரிது. அகால மரணத்துக்கு ஒரு காரணம் தேவைப்படும்போதெல்லாம் ஊர் விரல்நீட்ட ஓர் ஆள் ஆயத்தமாக இருந்தான். தன் காளைக்கு வால் இருப்பதை எவராலும் காட்ட முடியும். தான் காளையாக மாறவில்லை என்று ஒரு மனிதன் எதைக் காட்டி மெய்ப்பிப்பான்?

அகளியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது கூட்டத்தின் தீர்ப்பைப் பழங்கதையாக மட்டும் பார்க்க முடியவில்லை. அட்டப்பாடியில் 2018 பிப்ரவரி 22ஆம் நாள், உணவுப்பொருள் திருடியதாகக் கூறி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்த கூட்டம் அவர் கைகளைக் கட்டி அடித்தது. கட்டுண்டு நின்றவரோடு சேர்ந்து படமும் எடுத்துக்கொண்டது. அன்றே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. இதில் மந்திரமும் இல்லை, ஒடியும் இல்லை. யார்மீது ஐயம் கொள்ளலாம் என்று ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பது மட்டும் பொது.

கால் ஆஃப் கத்துலு தன் மூலக்கதைகளிலிருந்தே இக்கடனைச் சுமந்து வருகிறது. எச். பி. லவ்கிராஃப்டின் 'தி கால் ஆஃப் கத்துலு' 1928இல் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் வந்தது. அதில் லூசியானாச் சதுப்புநிலத்தில் காவல்துறை வளைத்துப் பிடிக்கும் வழிபாட்டுக் கூட்டத்தினர் கலப்பினத்தவர் என்பது ஒரு குற்றக்குறிபோலவே எழுதப்பட்டிருக்கிறது. 'தி ஹாரர் அட் ரெட் ஹுக்' கதை நியூயார்க்கில் குடியேறியோர் அனைவரையும் அவ்வாறே பார்க்கிறது. அக்கதையை விக்டர் லவால் என்னும் கறுப்பின எழுத்தாளர் 2016இல் 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்' என்ற குறுநாவலாகத் திருப்பி எழுதினார். அடுத்த ஆண்டு கிறிஸ் ஸ்பைவி 'ஹார்லெம் அன்பவுண்ட்' என்ற ஆட்டநூலில் ஹார்லெமின் கறுப்பின மக்களையே துப்பறிவோராக்கினார். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2022இல் வெளியிட்ட தொகுப்பொன்றில் கொல்கத்தாவைச் சேர்ந்த மிமி மண்டல் வங்கத்து ஆற்றுநிலத்தை ஒட்டிய ஒரு சினாரியோவை எழுதியுள்ளார். தென்னிந்தியாவுக்கு யாரேனும் எழுதப்போகும்போது ஒடியனைத் தொட்டால், தர்ஸ்டனின் பக்கத்தைத் துண்டுத்தாளாக வெட்டி ஒட்டிவிட்டுப் போகக்கூடும் என்பதே என் கவலை.

அதற்கு மாற்றாக நான் முன்வைப்பது தமிழ்நாட்டின் மிகப் பழைய திகில் கதைகளுள் ஒன்றான பழையனூர் நீலியின் கதை. திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்தது பழையனூர். ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையைச் சுட்டிச் செல்கிறார். விளக்காமல் சுட்டுகிறார் என்பதிலிருந்து கேட்போர் முன்பே அறிந்திருந்தனர் என்று கொள்ளலாம்.

வடிவங்கள் பல, நடு எலும்பு ஒன்று. முற்பிறப்பில் ஒருவன் தன் மனைவியைக் கொன்றான். மறுபிறப்பில் அவன் வணிகன்; அவள் பழிவாங்கும் பேய். காவலாக ஒரு கத்தியைக் கையில் வைத்திருக்கும் அவன் பழையனூர் வருகிறான். அவள் பெண்ணுருக் கொண்டு, கள்ளிக்கொம்பொன்றைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, 'இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்' என்று ஊர் வேளாளர் எழுபதின்மர் முன் அழுகிறாள். வணிகனோ, 'இவள் பேய், என்னைக் கொல்லவந்தவள்' என்கிறான். இறக்கிவிட்ட குழந்தை அவனிடமே தாவிச் செல்கிறது. அவை அதைச் சான்றாகக் கொள்கிறது. கத்தியை வாங்கிக்கொண்டு, 'உனக்குத் தீங்கு நேர்ந்தால் நாங்கள் எழுபதின்மரும் உயிர் தருவோம்' என்று உறுதி கூறி இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்கிறது. விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர்.

குறுந்திகில் சினாரியோவுக்கு வேண்டியவை அனைத்தும் இதில் உள்ளன: ஓர் ஊர், ஓர் இரவு, இரு சாட்சியங்கள், ஒரு பொருள், மீளமுடியாத ஒரு முடிவு. ஆனால் கார்பிட்டின் கதையோடு ஒப்பிட்டால் அச்சம் அமர்ந்திருக்கும் இடம் வேறு. அங்கே ஆட்டக்காரர் பேயைத் தேடிச் செல்லும் கூலியாட்கள். இங்கே அவர்கள் அவையோர். பேய் தேடி வருகிறது, வழக்கு உரைக்கிறது, தீர்ப்புக் கேட்கிறது. தவறாகத் தீர்த்தால் முதலில் சாவது வேறொருவன்.

இக்கதையை நம் மொழி எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது என்பது தனி ஆய்வுக்கு உரியது. தீப்பாய்ந்த எழுபதின்மர் தொண்டை நாட்டு வேளாளரின் வாய்மைக்குச் சான்றாகிப் புகழப்பட்டனர். அவர்களுக்கு அங்கே நினைவிடமும் உண்டு. பொய்யழுகைக்கு 'நீலிக்கண்ணீர்' என்ற சொல் எஞ்சியது. இன்றும் செய்தித்தாளில் ஓர் அரசியல்வாதியை இகழ அச்சொல்லே முந்திக்கொண்டு வருகிறது. முற்பிறப்பில் கொலையுண்டவளைக் குறிக்க எச்சொல்லும் இல்லை. அவள் அவையில் சொன்னதில் குழந்தை பொய், இப்பிறப்பின் மணவுறவு பொய். அவன் தன் கணவனாக இருந்து தனக்கு இழைத்தது மட்டும் மெய். அப்பொய்யை அவள் நாடியதற்கு ஒரு காரணமும் ஊகிக்கலாம்: போன பிறப்பின் கொலையை விசாரிக்க எந்த அவையும் இல்லை. ஒரு பெண் அவைமுன் அழுதால் அதை ஐயுறுவதற்கு ஆயத்தமான ஒரு சொல்லை இக்கதை நமக்குத் தந்துவிட்டது. ஒரு பெண்ணின் மெய்யான முறையீட்டை அடக்கவும் அச்சொல் பயன்படுவதை நாம் அறிவோம்.

பேயின் பக்கத்தைக் கேட்க முன்வந்த பனுவலும் நம்மிடம் உண்டு. சமண நூலான 'நீலகேசி'யில் பழையனூர் நீலி முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்த வருகிறாள். அவரோ அஞ்சாமல் அறம் உரைக்க, அவள் கொல்லாமையை ஏற்றுக்கொள்கிறாள். அதன்பின் ஊர் ஊராகச் சென்று பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதிகள், பூதவாதிகள் ஆகியோரை வாதில் எதிர்கொள்கிறாள். சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு இந்நூலை அ. சக்கரவர்த்தி 1936இல் பதிப்பித்தார். சமணரின் நோக்கம் தம் சமயத்தை நிறுவுவதே என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவைமுன் அழுதவளை அவையில் வாதிடுபவளாக மாற்றியது சிறிய செயலன்று. அதே திருவாலங்காட்டோடு இணைத்துப் பேசப்படும் காரைக்கால் அம்மையாரும் வணிகன் மனைவி. அவரைக் கண்டு அஞ்சி விலகியவன் கணவன். தாமே விரும்பிப் பேயுரு ஏற்றவர். சுந்தரர் அவரைப் பேயார் என்றே குறிக்கிறார். ஒரே ஊரில் ஒரு பேய்க்கு வணக்கமும் மற்றொரு பேய்க்கு வசையும் கிடைத்ததைப் பற்றி யாரேனும் விரிவாக எழுதினால் மகிழ்வேன். தெற்கே கள்ளியங்காட்டு நீலியாக அவள் மலையாளக் கதைமரபிலும் நுழைந்து, 2025இல் 'லோகா' திரைப்படத்தில் நாயகியாகவே வந்துவிட்டாள். அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

இதனை மேசையில் எப்படி நடத்துவது? ஆட்டக்காரர் ஐவர் எனில், அவர்கள் எழுபதின்மருள் ஐவர். ஏனைய அறுபத்தைவர் அவர்களின் சொல்லை எதிர்பார்த்து அமர்ந்திருக்கின்றனர். வணிகனும் பெண்ணும் ஊருக்குள் நுழையும் மாலையில் ஆட்டம் தொடங்கி, விடியலில் முடியும். சித்தத் தெளிவுக் கணக்கு வேண்டியதில்லை. ஐவருக்கும் ஊரில் உள்ள மதிப்பே இழக்கத்தக்க புள்ளி. துண்டுத்தாள்கள் இருக்கட்டும், ஆனால் ஒவ்வொன்றின் தலைப்பிலும் எழுதியவர் பெயரும், அவருக்கு அதைச் சொன்னவர் யார் என்பதும் இருக்கவேண்டும். வணிகனின் குறிப்பு, அவனுக்குக் கத்தி கொடுத்தவரின் குறிப்பு, பக்கத்து ஊரார் நீலியைப் பற்றிப் பேசிக்கொண்டது ஆகியவற்றை முதலிலேயே கொடுத்துவிடலாம். முற்பிறப்புக் கொலையைச் சொல்லும் தாள் ஒன்றே ஒன்று. அதனை, நீலியிடம் நேராகக் கேள்வி கேட்டவருக்கு மட்டும் நடத்துநர் தரவேண்டும்; அவள் அழும்போது பகடை உருட்டி மெய்யா பொய்யா என்று அறிய முயல்பவருக்குத் தரக்கூடாது. குழந்தை தாவிச் செல்லும் தருணத்தில் நடத்துநர் விளக்கம் எதுவும் சொல்லாமல் காத்திருக்கவேண்டும்.

கத்தியை வாங்குவதா இல்லையா என்பதையும் பகடையிடம் விடவேண்டாம். ஐவரும் கைதூக்கிச் சொல்லட்டும். எவர் கை முதலில் உயர்ந்தது என்பதை நடத்துநர் ஒரு தாளில் குறித்துவைத்து, விடிந்ததும் அத்தாளை மேசை நடுவில் வைக்கவேண்டும்.